நாலு கோப்பை, ஒரு பெயர்

உறிஞ்சணும், சத்தம் வர உறிஞ்சணும், கூச்சப்படாதீங்க என்கிறார் குன்னூர்க்காரர், காற்றும் தேநீரும் ஒன்றாக நாக்கில் விழுந்தால்தான் ருசி பிடிபடுமாம், சொல்லிவிட்டு ஒரு கரண்டியை வாயருகே கொண்டுபோய் சர்ரென்று இழுக்கிறார், கணினிக்குள் யாரோ புது வேட்டியைக் கிழித்த மாதிரி ஒரு சத்தம். திரையில் பதினான்கு கட்டம், பதினான்கு முகம், எல்லோரும் சிரித்துக்கொண்டே உறிஞ்சுகிறார்கள். நானும் உறிஞ்சுகிறேன். என் கோப்பையில் இருப்பது மஞ்சள்தூள் போட்ட வெந்நீர். இதை யாரும் கண்டுபிடிக்க முடியாது, திரை வழியாக வாசனை போகாது, அந்த ஒரு விஷயத்திலாவது தெய்வம் என் பக்கம் இருக்கிறது. ஆனாலும் தூள் அடியில் படிகிறது, கோப்பையைக் கேமராவுக்குக் காட்டச் சொன்னால் அடியில் மஞ்சளாக ஒரு வட்டம் தெரியும், அதனால் சும்மா இருக்கும்போதெல்லாம் கோப்பையைச் சுழற்றிக்கொண்டே இருக்கிறேன், பார்ப்பவர்களுக்கு இவன் பெரிய ரசிகன் என்று தோன்றட்டும். மணி நாலு ஏழு. இந்தச் சாளரத்துக்குப் பின்னால் இன்னொரு சாளரம் திறந்து கிடக்கிறது, அதில் என் மேலதிகாரி மைதிலி மேடத்துக்கு ஒரு மின்னஞ்சல், தலைப்பு எழுதியாகிவிட்டது, உள்ளே ஒன்றுமில்லை. ஐந்து மணிக்குள் அதில் ஒரு பெயர் எழுதி அனுப்ப வேண்டும். என் குழுவில் வேலையை விட்டுப் போகப்போகிற ஒருவரின் பெயர். அந்த ஒருவர் இப்போது இந்தப் பதினான்கு கட்டத்தில் ஏதோ ஒன்றில் உட்கார்ந்து தேநீர் உறிஞ்சிக்கொண்டிருக்கிறார், அது யாரென்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

காலையில் பத்து மணிக்கு அழைத்தார் மைதிலி மேடம். "ஆவுடையப்பன், பக்கத்துல யாராவது இருக்காங்களா? கதவைச் சாத்திக்கோங்க," என்றார், சாத்திக்கொண்டேன். "ஒவ்வொரு குழுவிலயும் ஒருத்தர். மேலயிருந்து வந்துட்டுது, நான் பேசிப் பார்த்துட்டேன். ஒரு பேர், ஒரு வரியில காரணம், அவ்ளோதான். அஞ்சு மணிக்குள்ள." நான் ஏதோ கேட்டேன், என்ன கேட்டேன் என்று இப்போது ஞாபகமில்லை, அநேகமாக "நாளைக்குத் தரலாமா" என்றுதான் கேட்டிருப்பேன், என் வாயிலிருந்து வேறென்ன வரும். "அஞ்சு மணிக்கு உங்க மெயில் வரலைன்னா நானே முடிவு பண்ணிடுவேன். நான் பண்ணினா அஞ்சு பேரைப் பார்க்க மாட்டேன், ஆறு பேரைப் பார்ப்பேன்," என்றார். என் குழுவில் ஐந்து பேர். என்னைச் சேர்த்தால் ஆறு. கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் பயமாக இருந்தது, பல்வலிக்காரனிடம் எந்தப் பல் என்று கேட்பது போல் பொறுமையாகக் கேட்டார். அப்புறம், "சாயங்காலம் டீ டேஸ்டிங்குக்கு எல்லாரையும் கேமரா போட்டு உட்காரச் சொல்லுங்க. நீங்களும் ஒண்ணும் தெரியாத மாதிரி இருங்க," என்றார். எனக்கு நாற்பத்தைந்து வயது. பாளையங்கோட்டையில், மாடி அறையில், மேலே சட்டையும் கீழே கைலியுமாக உட்கார்ந்து மென்பொருள் சோதிக்கிறவன். பத்து வருடமாக ஒரே நிறுவனம். இந்த வயதில் வெளியே போய் எவன் கதவைத் தட்டுவேன், இருபத்தாறு வயதுப் பையன் எதிரே உட்கார்ந்து உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்பான், நான் என்ன சொல்வேன். ஒண்ணும் தெரியாத மாதிரி இருப்பது எனக்குப் புதிதல்ல. அதை மட்டும் தயக்கமில்லாமல் செய்வேன்.

"நிறம் பாருங்க, வெள்ளைத் தேயிலை, இளம் வைக்கோல் நிறம்," என்கிறார் ராபின்சன், அதுதான் குன்னூர்க்காரர் பெயர், வெள்ளை மேலங்கி போட்டிருக்கிறார், பின்னால் சன்னலில் பனி நகர்கிறது. எல்லோரும் கோப்பையைக் காட்டுகிறார்கள், நானும் ஒரு சுழற்று சுழற்றிவிட்டுக் காட்டுகிறேன். இளம் வைக்கோலா இது, மாட்டுப்பொங்கலுக்குத் தெளிக்கிற தண்ணீர். பேச்சி அக்காவை என்ன சொல்ல. போன வெள்ளிக்கிழமை அம்பாசமுத்திரத்திலிருந்து வந்தாள், கூடவே பெரியப்பா வீட்டு ஆட்கள் நாலு பேர், யாருக்கோ நிச்சயதார்த்தம். நான் மேலே ஒரு கூட்டத்தில் மாட்டிக்கொண்டேன், கீழே பார்சல் வந்தது, அலுவலகம் அனுப்பிய அட்டைப்பெட்டி, உள்ளே நாலு தகர டப்பா, ஒவ்வொன்றிலும் ஒரு கோப்பைக்கு மட்டும் ஆகிற இலை, பட்டுத்துணி மாதிரி ஒரு காகிதத்தில் ஏதோ வாழ்த்து. வந்தவர்களுக்குத் தேநீர் போடத் தூள் தீர்ந்துவிட்டதே என்று நின்றவளுக்கு அது கடவுளே அனுப்பிய மாதிரி இருந்திருக்கும். பால் கொதித்ததும் முதல் டப்பாவைக் கொட்டினாள், நிறம் வரவில்லை, இரண்டாவதைக் கொட்டினாள், மூன்றாவது, நாலாவது, இஞ்சி, ஏலக்காய், ஆறு கரண்டி சீனி. நான் இறங்கி வந்தபோது எல்லோரும் டம்ளரைப் பிடித்துக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இதென்னத்த தேயிலைடா தம்பி, எம்புட்டுக் கொதிக்க வச்சாலும் சாயமே எறங்க மாட்டேங்கு, ஒனக்கு எவனோ நல்லா ஏமாத்தி வித்துட்டான்," என்றாள் அக்கா. மிச்சத்தை வாசல் வாழைக்கு ஊற்றிவிட்டாள். எனக்கு அன்றைக்குச் சிரிப்புத்தான் வந்தது, அலுவலகத்தில் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள், வேறு டப்பா அனுப்புவார்கள் என்று நினைத்தேன், அப்புறம் இன்று நாளை என்று தள்ளினேன், இன்று காலை பத்து மணிக்குப் பிறகு அது சிரிக்கிற விஷயமாக இல்லாமல் போய்விட்டது. இன்றைக்கு எதுவும் குறையாகத் தெரியக் கூடாது. அதனால் ஒன்று மஞ்சள்தண்ணீர், இரண்டு கொத்தமல்லித்தழை கொதித்த தண்ணீர், மூன்றும் நாலும் முக்குக்கடைத் தூள், ஒன்று லேசாக, ஒன்று கட்டியாக. மத்தியானம் சாப்பிடாமல் இதைச் செய்துகொண்டிருந்தேன். பெயரை யோசிக்க வேண்டிய நேரத்தில் கொத்தமல்லியை வடிகட்டிக்கொண்டிருந்தேன்.

பெயர். மூன்று பேரைக் காலையிலேயே தள்ளிவிட்டேன், ஒருத்தி வாடிக்கையாளருக்குச் செல்லப்பிள்ளை, இரண்டு பேர் வேலையில் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, அவர்கள் சம்பளம் யார் கண்ணையும் உறுத்தாது. மிச்சம் இரண்டு கட்டம். மேல் வரிசையில் குருபிரசாத், கீழ் வரிசையில் தமிழரசி. குருபிரசாத் பேச்சில் கெட்டி, வேலையில் அவ்வளவில்லை, ஆனால் மனைவிக்கு ஏழாம் மாதம், போன வாரம்தான் வளைகாப்புப் படம் போட்டான், அதற்குக் கீழே நானும் இதயம் போட்டேன். இதயம் போட்டுவிட்டு எப்படி. தமிழரசி சங்கராபுரம் பக்கம், பேசமாட்டாள், கூட்டத்தில் கேட்டால்தான் பதில், ஆனால் வேலை என்றால் வேலை, ஐந்து பேர் செய்வதில் பாதி அவள் செய்வது. அப்படியானால் கணக்கு நேராகத்தானே இருக்கிறது, குருபிரசாத் என்று எழுதிவிட்டுப் போக வேண்டியதுதானே. எழுதினேன், மூன்றரை மணிக்கு எழுதினேன், வளைகாப்பு வளையல் கண்ணுக்குள் வந்தது, அழித்தேன். அதுமட்டுமா என்றால் அதுமட்டுமில்லை. குருபிரசாத் சும்மா போகமாட்டான், ஏன் என்று கேட்பான், மேலே எழுதுவான், என்னைப் பற்றியும் எழுதுவான். தமிழரசி கேட்கமாட்டாள். அந்த நினைப்பு வந்ததும் கோப்பையை இன்னும் வேகமாகச் சுழற்றுகிறேன். பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, அம்பாசமுத்திரத்தில் காதுகுத்து, நான் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, சோதித்துப் பார்க்காமலே ஒரு கோப்புக்குச் சரி என்று தட்டிவிட்டேன், வாடிக்கையாளரின் செயலி இரண்டு மணிநேரம் படுத்துவிட்டது. அதைக் கண்டுபிடித்தவள் அவள், சரிசெய்தவள் அவள், அறிக்கையில் என் பெயர் வராமல் "சோதனைத் தரவில் கோளாறு" என்று எழுதியவளும் அவள். நான் கேட்கவில்லை, அவளாகவே எழுதினாள். அன்றைக்கு அவளைக் கும்பிட்டிருப்பேன். அப்புறம் ஒவ்வொரு நாளும் காலையில் அவள் கட்டம் திறக்கும்போது எனக்கு ஒரு கூச்சம், செருப்பில் சிறுகல் மாட்டிக்கொண்ட மாதிரி. இவளுக்குத் தெரியும், இவளுக்கு மட்டும்தான் தெரியும். உதவி செய்தவளைப் பார்த்து ஒருவன் இப்படி நினைப்பானா, நினைக்கிறேனே.

"குரு, முதல் கோப்பை எப்படி?" என்று கேட்கிறார் ராபின்சன். குரு கண்ணை மூடுகிறான், திருட்டுப்பயல், "புது நெல்லு அவிக்கிற வாசம் வருது சார், முடியும்போது லேசா பேரிக்காய்," என்கிறான். ராபின்சன் முகம் மலர்ந்து போகிறது. மைதிலி மேடம் கட்டைவிரலைத் தூக்குகிறார். இவனை எழுதினால் மேடமே ஏன் என்று கேட்பாரோ. "ஆவுடையப்பன் சார், நீங்க சொல்லுங்க." என் பெயர். பதினான்கு கட்டமும் என்னைப் பார்க்கின்றன, பார்க்காமலும் இருக்கலாம், ஆனால் காது சுடுகிறது. வாயில் மஞ்சள் பச்சையாகக் கசக்கிறது, சளி பிடித்தால் பாலில் போட்டுக் கொடுப்பார்களே அந்தக் கசப்பு, பால் இல்லாமல். திருதிருவென்று முழித்துவிட்டு, "ஒரு வேர் வாசனை மாதிரி இருக்கு சார், மண்ணுக்கு அடியில இருந்து வர்ற மாதிரி," என்கிறேன். பொய்யில்லை, மஞ்சள் வேறெங்கிருந்து வருகிறது. "பிரமாதம்!" என்கிறார் ராபின்சன், "இது சட்டுனு யாருக்கும் பிடிபடாது, உங்க நாக்கு நல்ல நாக்கு சார்." எல்லோரும் கை தட்டுகிற படம் போடுகிறார்கள். அந்த நேரத்தில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதுதான் கேவலம், ஒரு வினாடி உண்மையாகவே என் நாக்கு நல்ல நாக்கு என்று நம்பினேன். அடுத்த வினாடி மணியைப் பார்த்தேன். நாலு இருபத்திரண்டு. இரண்டாவது கோப்பைக்குப் போகலாம் என்றார், பச்சைத் தேயிலை, எல்லோரும் உறிஞ்சினோம், எனக்கு ரசம் வைக்க ஆரம்பித்து மறந்துபோன மாதிரி இருந்தது. "தமிழரசி, நீங்க இன்னும் பேசவே இல்லையே, இதுல என்ன தெரியுது?"

தமிழரசி மைக்கைத் திறந்தாள், ஒரு மின்விசிறிச் சத்தம் வந்தது. கையில் எவர்சில்வர் டம்ளர், அதை ஒருமுறை பார்த்தாள். "சார், எங்கிட்ட டீ இல்ல சார்," என்றாள். "பார்சல் வரலையாம்மா?" "வந்துச்சு சார், போன வாரமே வந்துடுச்சு. நான் ஆபீஸ் கால்ல இருந்தேன். எங்கம்மா பிரிச்சுப் பார்த்துட்டு, டீத்தூளுன்னு நெனச்சு, நாலு டப்பாவையும் ஒண்ணாப் பால்ல கொட்டிக் காய்ச்சிட்டாங்க. சாயமே எறங்கலன்னு கீழ ஊத்திட்டாங்க சார். சும்மா டம்ளரைப் புடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். சாரி சார்." யாரும் பேசவில்லை. ஒரு கட்டத்தில் யாரோ இருமினார்கள். நான் சிரித்தேன். முதலில் சிரித்தவன் நான்தான், மைக் திறந்திருந்தது, ஹஹ்ஹஹ்ஹா என்று எனக்கே தெரியாத ஒரு குரலில் பெரிதாகச் சிரித்தேன், மாட்டிக்கொண்டது நான் இல்லை என்ற சிரிப்பு அது, அதை எனக்குத் தெரியும். என்னைப் பார்த்து குரு சிரித்தான், எல்லோரும் சிரித்தார்கள், தமிழரசியும் டம்ளரால் வாயை மறைத்துக்கொண்டு சிரித்தாள். ராபின்சன் மட்டும், "அந்த வெள்ளை மொட்டை வருஷத்துல ரெண்டே வாரம்தாம்மா எங்க தோட்டத்துல கிள்ளுவோம்," என்றார், அப்புறம் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மைதிலி மேடம், "பரவால்ல தமிழரசி, அடுத்த தடவை அம்மாகிட்டச் சொல்லி வைங்க," என்றார் சிரித்த முகமாக. அந்த முகம் சிரித்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு மட்டும் ஒரு செய்தி வந்து விழுந்தது. 'வந்த பார்சலைப் பத்திரமா வச்சுக்கிற அக்கறைகூட இல்லை. நோட் பண்ணிக்கோங்க.' இப்போது சொல்ல வேண்டும். இதோ, இந்த நிமிடம். எங்க வீட்லயும் அதே கதைதான் மேடம், எங்க அக்கா வாழைக்கு ஊத்திட்டா, நான் குடிக்கிறது மஞ்சத்தண்ணி என்று சொல்ல வேண்டும், அக்காவைக் கூப்பிட்டுக் கேமரா முன்னால் நிறுத்தினால் சிரிப்பு கூரையைப் பிய்க்கும், இரண்டு வீட்டிலும் ஒரே கூத்து என்றால் அது யார் குற்றமுமில்லை, குற்றமே இல்லை. சிரித்ததும் மூடிவிட்டிருந்த மைக்கைத் திறந்தேன். திறந்தேன், அது சத்தியம். "ஆவுடையப்பன் சார் ஏதோ சொல்ல வர்றார்," என்றார் ராபின்சன். வாய் வரை வந்துவிட்டது. "ஒண்ணுமில்ல சார், இந்த ரெண்டாவதுல ஒரு பச்சை வாசம் நல்லா எழும்பி வருது," என்றேன்.

மூன்றாவது கோப்பைக்கு என்ன சொன்னார்கள் என்று கேட்கவில்லை. உதடு தானாக உறிஞ்சுகிறது, தலை தானாக ஆடுகிறது. கதவு திறந்து அக்கா வந்தாள், கையில் செம்பு, "தம்பி, இன்னும் வென்னி வேணுமா? அந்த மஞ்சப்பொடி பத்துமா?" என்றாள், உயிர் போய் வந்தது, மைக் மூடித்தான் இருந்தது, மூன்று முறை பார்த்தேன். "வேண்டாம், நீ போக்கா." அவள் போகவில்லை. "ஏன் மொகம் இப்பிடி வெளிறிக் கெடக்கு, மேலுக்கு முடியலியா?" என்று நெற்றியில் கை வைத்தாள், நான் தலையைச் சாய்த்துக்கொண்டேன், கேமராவில் தெரியக் கூடாதே. திரையைக் குனிந்து பார்த்தவள், "அந்தப் பிள்ள யாருடா, டம்ளரும் கையுமா, நல்லா சிரிச்ச மொகமா இருக்கா," என்றாள். "என்கூட வேலை பாக்குத பிள்ள." "கலியாணம் ஆயிட்டா?" "போக்கா, நேரமாச்சு." அவள் போன பிறகுதான் பார்த்தேன், நாலு நாற்பத்தாறு. பதினான்கு நிமிடம். கேமராவில் தெரியாதபடி கண்ணை மட்டும் நகர்த்தி அந்தச் சாளரத்துக்குப் போனேன். குருபிரசாத் என்று அடித்தேன். காரணம் என்று ஒரு வரி வேண்டுமே, வேலையில் மெத்தனம் என்று அடித்தால் பத்து மாதமாக அவனுக்கு நல்ல மதிப்பெண் போட்டுவந்தவன் யார், நான்தான், சண்டை வேண்டாமென்று போட்டேன். அழித்தேன். ஆவுடையப்பன் என்று அடித்தேன், பார்க்க நன்றாகத்தான் இருந்தது, ஒரு மூச்சு நிம்மதியாகக்கூட இருந்தது, யாராவது பின்னால் நின்று பார்த்தால் மனிதன் என்பார்கள், யாருமில்லை, அழித்தேன். நாலு ஐம்பத்தொன்று. எழுதாமலே விட்டுவிட்டால் என்ன, மேடமே எழுதட்டும், ஆறு பேரில் ஒருவர், ஆறில் ஒன்றுதானே, ஆனால் அந்த ஆறில் நாற்பத்தைந்து வயது ஒருவனுக்குத்தான். நாலாவது கோப்பை, கறுப்புத் தேநீர், இதுதான் நமக்குப் பழகினது என்று ராபின்சன் சொல்ல எல்லோரும் ஆமாம் ஆமாம் என்கிறார்கள். தமிழரசி என்று அடித்தேன். காரணம் தானாக வந்தது, யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை, மேடம் பாதி எழுதிக் கொடுத்துவிட்டாரே. 'நிறுவன நிகழ்வுகளில் அக்கறைக் குறைவு, பொறுப்பின்மை.' படித்துப் பார்த்தேன். ஒற்றுப்பிழை இருக்கிறதா என்றுகூடப் பார்த்தேன். பிழை இல்லை.

நாலு ஐம்பத்தாறுக்கு அனுப்பு என்பதை அழுத்தினேன். திரையின் அடியில் சின்னதாக ஒரு கறுப்புப் பட்டை வந்தது, அனுப்பப்பட்டது, திரும்பப் பெறவா என்று. முப்பது வினாடி இருக்கும் அது, அவசரத்தில் தப்பாக அனுப்புகிறவன் என்று நானேதான் எப்போதோ அப்படி அமைத்து வைத்திருந்தேன். அதற்கு மேலேயே இன்னொரு செய்தி வந்து நின்றது, எனக்கு மட்டும், தமிழரசியிடமிருந்து. 'சார், ரொம்ப தேங்க்ஸ் சார். நான் சொன்னதும் எல்லாரும் அமைதியா ஆனாங்களே, அப்போ அழுதுடுவேன்னு நெனச்சேன். நீங்க மொதல்ல சிரிச்சதாலதான் எல்லாரும் சிரிச்சாங்க. வேணும்னுதான் சிரிச்சீங்கன்னு தெரியும். காப்பாத்திட்டீங்க சார்.' படித்தேன். இன்னொரு முறை படித்தேன். கீழே பட்டை இருந்துகொண்டேதான் இருந்தது, சுட்டி அதற்கு மேல்தான் நின்றது, ஒரு விரல், ஒரு தட்டு. ராபின்சன் எல்லோருக்கும் நன்றி சொல்லிக்கொண்டிருந்தார், குன்னூருக்கு வந்தால் தோட்டத்துக்கு வாருங்கள் என்றார். எல்லோரும் கை ஆட்டினார்கள். தமிழரசி இரண்டு கையையும் ஆட்டினாள். நானும் ஆட்டினேன், அதற்குச் சுட்டியிலிருந்து கையை எடுக்க வேண்டியிருந்தது. திரும்பப் பார்த்தபோது பட்டை இல்லை. கட்டங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன, அவள் செய்தி மட்டும் பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றது. என்ன எழுத. 'பரவால்லம்மா' என்று எழுதினேன். அனுப்பினேன்.